உயிர் மீண்ட பின்

ஏகாம்பரேசுவரருக்கு ஒன்றும் வரதராஜப் பெருமாளுக்கு ஒன்றுமாக இரண்டு ஆலயங்கள் அமைந்திருப்பதனால் வடகாஞ்சி என்று பெரியோர் அழைத்த மீஞ்சூர், சென்னைக்கு வடக்கே ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கடலை நோக்கிச் செல்லும் சமவெளியில், ஏரி நீரையும் கிணற்று நீரையும் நம்பி நெல் விளைவித்து வந்த ஊர். அந்தக் கிணற்று நீரைப் பட்டணத்தின் தாகத்துக்கும் ஆலைகளின் தேவைக்குமாக இறைக்க இறைக்க, நிலத்தடியில் கடல்நீர் உட்புகுந்து வயல்கள் உவர்ந்து போனதும், 1970இல் எண்ணூரிலும் 1994இல் அத்திப்பட்டுப் பக்கத்திலும் அனல் மின் நிலையங்கள் எழுந்ததும், 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டு நிலக்கரிக் கப்பல்கள் வந்து நின்றதும், 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அமைந்ததும், வண்டலூரிலிருந்து புறப்படும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை இங்கே வந்து முடிந்ததுமாக, இரண்டு தலைமுறைக் காலத்துக்குள் இவ்வூரின் ஜாதகமே மாறிவிட்டது.

ஜாதகம் மாறியதை அறிய விரும்புகிறவர் திருவொற்றியூரிலிருந்து பொன்னேரி வழியாகப் பஞ்செட்டி செல்லும் சாலையில், ஜனங்கள் டி.பி.பி. ரோடு என்று சொல்கிறார்களே, அந்தச் சாலையில் அந்தி நேரத்தில் அரைமணி நின்று பார்த்தால் போதும். கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் லாரிகளுக்கும் சாம்பல் ஏற்றிய டிப்பர் லாரிகளுக்கும் நடுவே கிடைத்த இடைவெளியில், ஷிப்டு முடிந்தவர்களும் ஷிப்டுக்குப் போகிறவர்களும் இரு சக்கர வண்டிகளில் நுழைந்து நுழைந்து செல்வார்கள். இந்த வடபுலமே வாகனங்களைப் பெற்றெடுத்த பூமி. 1948இல் தோன்றி எண்ணூரில் ஆலை கண்ட அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் பூண்டு தேசமெங்கும் ஓடும் லாரிகளைச் செய்து தந்தது. அதே காலத்தில் திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை ஏற்பட்டது. அதே திருவொற்றியூரில் எம்.ஆர்.எப். டயரும் உருவாயிற்று. லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் பிறந்த சாலையில், அவற்றால் அடிபட்டவர்களைப் பற்றிய சரித்திரமும் ஒன்று உண்டு. அடிபட்டவர்களிலும் தலையில் அடிபட்டு, இறக்காமல் மீண்டு, ஆனால் முழுவதும் மீளாமல் வாழ்கிறவர்களைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

தலைக்காயத்தின் விசேஷம் என்னவென்றால், அதன் உக்கிரம் வெளியே தெரிவதில்லை. சொம்பிலே உறைந்திருக்கும் தயிரை அசைக்காமல் வைத்திருந்தால் கட்டி குலையாது. சொம்பைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினால் சொம்பு உடையாமலே உள்ளேயிருக்கும் தயிர் உடைந்துபோகும். கபாலத்தினுள் மிதக்கும் மூளையும் அவ்வாறே. ஓடும் வண்டி திடீரென்று நிற்கையில் மூளை தொடர்ந்து முன்னோக்கிச் சென்று எலும்பில் மோதுகிறது. நெற்றிக்குப் பின்னாலும் காதோரத்திலும் எலும்பின் உட்புறம் கரடுமுரடாக இருப்பதால், நிதானம், பொறுமை, திட்டமிடுதல், ஞாபகம் ஆகியவற்றுக்கு ஆதாரமான அந்தப் பகுதிகளே பெரும்பாலும் சிதைகின்றன. மூளைக்குள் ஒன்றையொன்று தொடுத்து நிற்கும் நுண்ணிய நரம்பிழைகளும் முறுக்குண்டு அறுகின்றன. கை கால் முறிந்தவனைக் கண்டால் எவரும் இரங்குவர். இவனோ நடப்பான், உண்பான், சிரிப்பான். ஆயினும் காலையில் சொன்னதை மாலையில் மறப்பான், சிறு சொல்லுக்குத் தட்டை வீசியெறிவான். ஊரார் இதற்கு வைத்திருக்கும் சொல் சுருக்கமானது: "ஆளே மாறிட்டாரு."

பழைய தமிழ் வைத்தியம் தலையின் மர்மத்தை அறியாததன்று. தென்கோடியிலே வளர்ந்த வர்ம சாஸ்திரம் உடம்பில் 108 வர்மங்களைக் கணக்கிட்டு, அவற்றில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று பிரித்து, தலையிலே அடிபட்டால் நேரும் மயக்கத்தையும் அதை இளக்கும் முறைகளையும் ஆசானிடமிருந்து சீடனுக்கு மறைபொருளாக வழங்கி வந்தது. திருவள்ளூர் ஜில்லாவாசிகளுக்கோ எலும்பு முறிவென்றால் உடனே நினைவுக்கு வருவது திருத்தணிக்கு அப்பாலுள்ள புத்தூரும் அதன் பச்சிலைக் கட்டுமேயாகும். கையையும் காலையும் அங்கே கொண்டுபோய்க் கட்டிக்கொண்டு நலமடைந்தோம் என்பவர்கள் மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் மூளைக்குக் கட்டுப் போட எவரும் கற்றிருக்கவில்லை. ஒன்றை மட்டும் இங்கே நினைவுகூர வேண்டும். காஞ்சிபுரத்துக்கு அருகே திருமுக்கூடல் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலசாலையைக் குறிப்பிடுகிறது. வைத்தியன் ஒருவன், சல்லியக் கிரியை செய்பவன் ஒருவன், மூலிகை கொணர்பவர்கள், நோயாளிகளுக்கு உபசாரம் செய்யும் பெண்கள், நாவிதன் என்று ஒவ்வொருவருக்கும் இன்ன ஜீவிதம் என்று அதில் வகுத்திருக்கிறார்கள். நோயாளியொருவன் மீள்வதற்குப் பலவகை மனிதர்கள் ஓரிடத்தில் கூடி உழைக்க வேண்டும் என்பதையும், அவர்கள் யாவருக்கும் ஊதியம் உண்டு என்பதையும் அந்தக் கல் அறிந்திருந்தது. பின்னே நான் சொல்லப்போகும் விஷயத்துக்கு இது முக்கியமானது.

மீஞ்சூர்க்காரர்களுக்குப் பெரிய வைத்தியசாலை என்றால் இரண்டு. ரயிலேறி அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை, பேசின் பிரிட்ஜ் கடந்து கடைசி நிலையத்தில் இறங்கினால் எதிரே நிற்பது ஜி.எச். 1664இல் கோட்டைக்குள்ளே சிப்பாய்களுக்கென்று சிறியதாகத் தொடங்கி, 1772இல் இப்போதுள்ள இடத்துக்கு வந்து, பிற்காலத்தில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை என்று பெயர் பெற்றது. மற்றொன்று ஸ்டான்லி. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தின் வழித்தோன்றலாதலால், வடசென்னை முதியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். பசிக்காகப் பிறந்த அவ்விடம் பின்பு துறைமுகத்திலும் ஆலையிலும் சாலையிலும் அடிபட்டவர்களின் புகலிடமாயிற்று.

இந்த இரண்டில் ஜி.எச். மூளை ரணசிகிச்சையில் தேசத்துக்கே முன்னோடிகளில் ஒன்றாக விளங்கியது. இந்தியாவில் அத்துறையை முதலில் நிறுவியவர் ஜேக்கப் சாண்டி. கனடாவின் மான்ட்ரீல் நகரில் வைல்டர் பென்பீல்டிடம் பயின்று திரும்பி, 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அதைத் தொடங்கினார். மறு ஆண்டிலேயே, 1950இல், சீர்காழியில் பிறந்தவரான பி. ராமமூர்த்தி சென்னை ஜி.எச்.சில் தொடங்கினார். 1951இல் இவ்விருவரும் எஸ்.டி. நரசிம்மனும் பல்தேவ் சிங்கும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை ஸ்தாபித்தார்கள். நால்வர் கூடி ஒரு தேசத்துக்கு ஒரு சாஸ்திரத்தை வழங்கிய அந்தக் காலத்தின் ஊக்கத்தை எண்ணும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

ராமமூர்த்தி எங்கே பயின்றார் என்பது மீஞ்சூர்வாசிகள் அறியத்தக்கது. அவர் பயின்றது இங்கிலாந்தின் வடபகுதியில், நிலக்கரிக்கும் கப்பல் கட்டுவதற்கும் பெயர்பெற்ற நியூகாசில் நகரில். அவருடைய ஆசான் ஜி.எப். ரோபாதம், தலைக்காயங்களைப் பற்றி 1942இல் வெளியிட்ட நூலால் புகழ்பெற்றவர். சுரங்கமும் கப்பல்துறையும் நிறைந்த தொழில் நகரத்து வைத்தியருக்குத் தலைக்காயம் அன்றாட விவகாரம். நிலக்கரி ஊரில் கற்ற வித்தை இவ்வாறு சென்னைக்கு வந்து, பிற்காலத்தில் நிலக்கரி ஊராகவே மாறிவிட்ட நம் வடபுலத்துத் தொழிலாளிக்குப் பயன்பட்டது.

அந்நாட்களில் கபாலத்தினுள் நடப்பதை அறிவது எளிதன்று. கழுத்து நாடியில் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து ரத்தக் குழாய்கள் இடம் பெயர்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்; அதற்கும் அவகாசமில்லாதபோது, கண்மணி எந்தப் பக்கம் விரிந்திருக்கிறதோ அந்தப் பக்கத்தில் மண்டையோட்டைத் துளைத்துப் பார்க்க வேண்டும். எலும்புக்கும் மூளையுறைக்கும் நடுவே நாடி அறுந்து ரத்தம் தேங்கும் காயத்தில், அடிபட்டவன் சிறிது மயங்கி எழுந்து, "ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி வீட்டுக்கு வந்து படுத்து, சில மணி நேரத்தில் பிரக்ஞை தவறி இறந்துபோவதுண்டு. உரிய காலத்தில் துளையிட்டு ரத்தத்தை அகற்றினாலோ அதே மனிதன் சில நாளில் நடந்து வீடு திரும்புவான். ஒரு சில மணி நேரம் இவ்வளவு பெரிய வேற்றுமையை உண்டாக்கும் வியாதி மிகச் சிலவே. ராமமூர்த்தியோடு வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன் முதலியோரும் உழைத்து வளர்த்த அந்தத் துறையிலிருந்துதான், 1968இல் பட்டம் பெற்று இந்தியாவின் முதல் பெண் மூளை ரணசிகிச்சை நிபுணரென்று பெயர்பெற்ற டி.எஸ். கனகாவும் வெளிவந்தார்.

உலகத்தில் நிகழ்ந்த மாறுதல்கள் ஒவ்வொன்றாக இங்கும் வந்து சேர்ந்தன. 1971 அக்டோபர் முதல் தேதி லண்டனிலே ஒரு வைத்தியசாலையில் காட்பிரே ஹவுன்ஸ்பீல்டின் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையை அடுக்கடுக்காகப் படம் பிடித்தது. அதுவே இன்று டீக்கடையிலும் வழங்கும் "ஸ்கேன்" என்ற சொல்லுக்கு மூலம். 1974இல் கிளாஸ்கோ நகரத்து டீஸ்டேலும் ஜென்னட்டும், கண் திறத்தல், பேச்சு, அங்க அசைவு ஆகிய மூன்றையும் தனித்தனியே கவனித்துப் பிரக்ஞையை அளக்கும் முறையை வகுத்தார்கள்; பின்னர் அது 3 முதல் 15 வரையிலான மதிப்பெண்ணாயிற்று. யந்திரம் ஒன்றும் வேண்டாத இந்த அளவுகோல், பொன்னேரி நர்ஸும் ஆம்புலன்ஸ் பணியாளரும் ஜி.எச். பேராசிரியரும் ஒரே பாஷையில் பேசும்படி செய்தது. வீக்கம் கண்ட மூளைக்கு இடங்கொடுக்க மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்து, நோயாளியின் வயிற்றுத் தோலுக்கடியிலேயே பத்திரப்படுத்தி, மாதங்கள் சென்றபின் மீண்டும் பொருத்தும் வழக்கம் நம் அரசு மருத்துவமனைகளில் பரவியது. எலும்பை எந்த யந்திரத்தையும் எதிர்பாராமல் உடம்பே காத்துக்கொள்கிறது.

ஆராய்ச்சி எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு இத்துறையில் ஓர் உதாரணம் உண்டு. மூளை வீக்கத்தைக் குறைக்குமென்று நம்பி, உலகெங்கும் வைத்தியர்கள் பல ஆண்டுகளாக ஸ்டீராய்டு மருந்தைத் தலைக்காயத்துக்குக் கொடுத்து வந்தார்கள். நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார்கள். கிராஷ் என்ற சர்வதேசப் பரிசோதனையில் 10,008 நோயாளிகளைச் சேர்த்து, ஒரு பாதிக்கு மருந்தையும் மறு பாதிக்கு மருந்தற்ற திரவத்தையும் கொடுத்துப் பார்த்தபோது, 2004இல் உண்மை வெளிப்பட்டது: இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 21.1 சதவிகிதம், பெறாதவர்களில் 17.9 சதவிகிதம். அனுபவத்தால் மட்டும் எந்தத் தனி வைத்தியரும் இதைக் கண்டிருக்க முடியாது. ஆயிரக்கணக்கானவர்களை முறையாகப் பதிந்து, பின்தொடர்ந்து, கூட்டிக் கழித்துப் பார்த்தவர்களுக்கே அது புலப்பட்டது. பதிவு செய்தலென்ற அலங்காரமற்ற வேலை எத்தனை உயிர்களைக் காக்கிறது!

சட்டமும் மெதுவாகப் பின்னால் வந்தது. மோட்டார் சைக்கிள் விபத்தில் 1935இல் மாண்ட டி.இ. லாரன்ஸின் படுக்கையருகே நின்ற ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற ரணசிகிச்சை நிபுணர், அந்த மரணம் தந்த வேதனையோடு ராணுவச் செய்தி கொண்டுசெல்லும் மோட்டார் சைக்கிள் வீரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941இல் ஹெல்மெட்டின் அவசியத்தை நிரூபித்தார். தமிழ்நாட்டில் 2007 ஜூனிலும் மீண்டும் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2015 ஜூலையிலும் ஹெல்மெட் கட்டாயமென்று அறிவிக்க நேர்ந்தது. 2022இல் இந்தியாவின் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர்; அவர்களுள் ஹெல்மெட் அணியாத காரணத்தால் இறந்தவர்கள் 50,000க்கு மேல் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது.

அடிபட்டவனைத் தொடவே பயந்த காலமும் இருந்தது. ஸ்கூட்டரில் சென்று கார் மோதி வீழ்ந்த ஒருவரை, போலீஸ் விவகாரமுள்ள காயங்களைப் பார்க்கும் அதிகாரம் தமக்கில்லை என்று ஒரு மருத்துவமனை 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த மற்றொன்றுக்கு அனுப்ப, வழியிலேயே அவர் இறந்த செய்தியை வைத்துப் பரமானந்த் கட்டாரா தொடுத்த வழக்கில், முதலில் உயிரைக் காப்பாற்று, சட்டச் சடங்குகள் பின்னர் என்று உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது. உதவிக்கு வந்தவர்களைத் தொல்லைப்படுத்தக் கூடாதென்ற விதிகளுக்கு அதே நீதிமன்றம் 2016இல் சட்ட வலிமை தந்தது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. 2021 டிசம்பர் 18ஆம் தேதி மேல்மருவத்தூரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டம், எந்த மாநிலத்தவராயினும் இங்கே சாலையில் அடிபட்டால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்றது. காட்டுப்பள்ளியிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் வேலை செய்யும் பீகார், ஒடிசாத் தொழிலாளிகளுக்கு அந்த வாசகம் எவ்வளவு பெரிய அபயம்! இந்தச் சாதனைகளுக்காகத் தமிழர் பெருமைப்படலாம்; நான் பெருமைப்படுகிறேன்.

ஆனால் 48 மணி நேரம் முடிந்து 49ஆம் மணியும் வருகிறது. அதன் பிறகு மாதங்களும் ஆண்டுகளும் வருகின்றன. உயிரைக் காக்கும் சரித்திரத்தை எழுத நமக்குப் பெயர்களும் தேதிகளும் நிறைய அகப்படுகின்றன. காக்கப்பட்டவனை அவனுடைய பழைய வாழ்வுக்குக் கொண்டு சேர்க்கும் சரித்திரத்துக்கு வந்தால், நாம் அயல் நாடுகளுக்கும் வேலூருக்கும் பெங்களூருக்குமாக அலைந்து துண்டுகளைப் பொறுக்க வேண்டியிருக்கிறது.

முதல் உலக யுத்தத்தின் நடுவே, 1916இல், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் குர்ட் கோல்ட்ஸ்டைன் என்ற வைத்தியர் மூளைக்காயத்தின் பின்விளைவுகளை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் கண்டார். அங்கே சிகிச்சையும் மனநூல் பரிசோதனையும் தொழிற்கூடமும் அடுத்தடுத்து இருந்தன. முன்னே சுரங்கத் தொழிலாளியாயிருந்து, குண்டுச் சில்லு மூளையைத் துளைத்ததால் பார்த்த பொருளையும் அடையாளம் காண இயலாதிருந்த ஓர் இளைஞன், அங்கே தோல் பர்ஸ் தைக்கக் கற்றுக்கொண்டான். வைத்தியரும் மனநூலாரும் தொழிலாசானும் ஒரே மனிதனைச் சுற்றி நின்றதால் அது சாத்தியமாயிற்று. இரண்டாம் யுத்தத்தில் ருஷ்யாவின் அலெக்சாந்தர் லூரியா யூரல் மலைப்பகுதியில் இதே தொண்டைச் செய்தார். 1943இல் ஸ்மாலென்ஸ்க் அருகே தலையில் குண்டு பாய்ந்த வீரன் ஒருவன், படித்ததைப் புரிந்துகொள்ளவும் சொற்களைத் தேடியெடுக்கவும் திணறியவன், எழுத்துகளைப் பிரிக்க முயலாமல் கையைத் தன்போக்கில் ஓடவிட்டால் எழுத முடிகிறதென்று கண்டு, 25 ஆண்டுகளாக நாள்தோறும் போராடி 3,000 பக்கம் எழுதினான். அந்தக் குறிப்புகளைக் கொண்டு லூரியா ஒரு நூலே செய்தார். அமெரிக்காவில் 1987இல் மாதிரி அமைப்புகள் என்ற திட்டம் ஏற்பட்டு, காயமடைந்தவரை முதலாண்டு, இரண்டாமாண்டு, ஐந்தாமாண்டு, பின்பு ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறை என்று ஆயுள் முழுவதும் பின்தொடர்ந்து, வேலைக்குப் போகிறாரா, மணவாழ்வு நிலைத்ததா, எவர் துணையுடன் வாழ்கிறார் என்றெல்லாம் கேட்டுப் பதிகிறார்கள்.

நம் நாட்டில் புனர்வாழ்வு மருத்துவத்துக்கு வழிவகுத்தவர் தாமே விபத்தில் அடிபட்ட ஒரு பெண்மணி. வேலூரில் வைத்தியராயிருந்த மேரி வர்கீஸ் 1954 ஜனவரியில் கார் விபத்தில் முதுகெலும்பு நொறுங்கி இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்கு ரணசிகிச்சை செய்தார். பின்பு நியூயார்க் சென்று ஹோவர்ட் ரஸ்க்கிடம் புனர்வாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பி, வேலூரில் அத்துறையை ஏற்று நடத்தி, 1966இல் நோயாளிகள் தங்கிப் பயிலும் நிலையத்தையும் கண்டார். முதுகுத் தண்டில் அடிபட்டோரும் மூளையில் அடிபட்டோரும் வீட்டாரில் ஒருவரோடு அங்கே வந்து தங்கி, ஆடை உடுத்துவது முதல் அடுப்பு மூட்டுவது வரை மீண்டும் கற்றுச் செல்கிறார்கள். துணைக்கு வந்தவரும் கற்கிறார் என்பதே அந்த ஏற்பாட்டின் மேன்மை. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்து மனநூலார் சிதறிய கவனத்தைத் திரட்டக் கையாளும் பயிற்சிகளில் ஒன்று, கலந்து வைத்த தானியங்களை வகை வகையாகப் பிரித்தெடுப்பது. முறத்தில் பயறு பார்த்த நம் பாட்டிமார் அறிந்த வேலைதான். ஒரு சாஸ்திரம் அதை மதித்து, நேரம் குறித்து, பிழைகளை எண்ணி, நாளுக்கு நாள் கடினமாக்கிச் சிகிச்சையாக்கியிருக்கிறது. சென்னையிலும் கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது; முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிலையமொன்று இருக்கிறது. துண்டுகள் இல்லாமலில்லை. அவற்றை ஒன்றாகத் தொடுக்கும் கைதான் இல்லை.

அந்தக் கை யாருடையது என்று மீஞ்சூரில் விசாரித்தால் பதில் உடனே கிடைக்கும். ஜி.எச்.சிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வந்தவனுடைய மனைவி, அல்லது தாய், அல்லது மணமாகாத தங்கை. அவளுடைய கட்டைப்பையைத் திறந்து பார்த்தால் ஸ்கேன் படங்கள், டிஸ்சார்ஜ் சீட்டு, விபத்துப் பதிவேட்டின் ஏ.ஆர். காப்பி, எப்.ஐ.ஆர். நகல், காப்பீட்டு அட்டை, வலிப்பு மாத்திரைச் சீட்டு, வக்கீலின் விசிட்டிங் கார்டு, ஊனச் சான்றுக்குக் கொடுத்த மனு ஆகிய அனைத்தும் இருக்கும். எந்த மருத்துவமனையிலும் எந்த அலுவலகத்திலும் முழுமையாக இல்லாத அவனுடைய சரித்திரம் அந்தப் பையில் மட்டுமே முழுமையாக இருக்கிறது. மூளை டாக்டரிடம் ஒரு நாள், பிசியோவுக்கு ஒரு நாள், பேச்சுப் பயிற்சி எங்கே என்று கேட்டலைய ஒரு நாள், பொன்னேரிக் கோர்ட்டுக்கு ஒரு நாள் என்று அவள் ரயிலேறி இறங்குகிறாள். அயல் நாடுகளில் ஒருங்கிணைப்பாளர் என்று பதவியும் சம்பளமும் கொடுத்துச் செய்விக்கும் காரியத்தை, அவள் கூலி வேலையையும் விட்டுவிட்டுச் செய்கிறாள். திருமுக்கூடல் கல்வெட்டு உபசாரம் செய்யும் பெண்ணுக்கும் ஜீவிதம் வைத்தது என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சட்டமும் அவளுக்குத் தோள் கொடுக்கவில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையைப் பாருங்கள். கட்டைவிரல் போனால் சம்பாத்திய சக்தியில் 30 சதவிகித இழப்பு, ஒரு கண் போனால் 40, சுட்டுவிரல் முழுதும் போனால் 14 என்று உறுப்பு உறுப்பாக எடை போட்டிருந்தது. ஞாபகம் போனால், நிதானம் போனால், கொதிகலன் அருகே நிற்கவேண்டியவனுக்குக் கவனம் போனால் எத்தனை என்று அந்த அட்டவணையில் ஒரு வரியும் இருக்கவில்லை. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு வைத்தியர் மதிப்பிடலாம் என்று ஒரு பிரிவு இருந்தது; ஆனால் கண்ணால் காணாத ஊனத்தை மதிப்பிட மனநூல் பரிசோதனை வேண்டும், அதற்கு நிபுணர் வேண்டும், அந்த நிபுணர் எந்த ரயில் நிலையத்தில் இறங்கினால் அகப்படுவார் என்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் 7ஆக இருந்த ஊன வகைகளை 21ஆக விரித்துப் பெரும் உபகாரம் செய்தது. எனினும் அந்த 21இல் விபத்தால் வந்த மூளைக்காயம் தனி வகையாக இல்லை. கை கால் செயலிழந்திருந்தால் ஒரு தலைப்பில், பேச்சு போயிருந்தால் ஒரு தலைப்பில், மனம் பேதித்திருந்தால் மற்றொரு தலைப்பில் என்று ஒரே மனிதனைப் பல தலைப்புகளில் பிரித்துக் காட்டிச் சான்று பெற வேண்டியிருக்கிறது. நன்றாக நடக்கிறவனாய், மறதியும் கோபமுமே ஊனமாய் உள்ளவனுக்கு அதுவும் கடினம்.

இதனால் நேரும் துன்பம் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுகிறது. "நல்லாத்தானே இருக்காரு, வேலைக்கு அனுப்ப வேண்டியதுதானே அக்கா" என்று பக்கத்து வீட்டார் கேட்கிறார்கள். காண்டிராக்டர் இரக்கப்பட்டு மீண்டும் வேலைக்கு எடுக்கிறார். இரண்டு வாரத்தில் சண்டையென்றும் மறதியென்றும் திருப்பி அனுப்புகிறார். குடித்துவிட்டு ஆடுகிறான் என்று தெரு பேசுகிறது. சோம்பேறி என்று அண்ணன் தம்பிகள் பேசுகிறார்கள். அவன் சோம்பேறியில்லை, எழுந்து ஒரு காரியத்தைத் தொடங்கும் சக்தியே நெற்றிக்குப் பின்னாலிருந்த காயத்தில் அடிபட்டுவிட்டது. இந்த ஒரு விஷயத்தை டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலே யாரேனும் அமர்ந்து கால்மணி நேரம் வீட்டாருக்கு எடுத்துச் சொல்லியிருந்தால், எத்தனை குடும்பங்கள் பிளவுபடாமல் இருந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு ஆற்றாமை உண்டாகிறது.

இதைப் போக்குவதற்குப் புதிதாக மாளிகை எழுப்ப வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரையோடு வீடு தேடிச் செல்கிறது. இயன்முறைப் பயிற்சியாளரும் அதில் வீட்டுக்கே வருகிறார். அவர் கையைத் தூக்கச் சொல்லிப் பார்க்கும் அதே வேளையில், நேற்று என்ன சாப்பிட்டார், தனியாகக் கடைக்குப் போய் மீதிச் சில்லறை சரியாக வாங்கி வருகிறாரா, இந்த மாதம் எத்தனை முறை கை ஓங்கினார், பார்த்துக்கொள்கிறவருக்குத் தூக்கம் உண்டா என்று நான்கு கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். பொன்னேரி அரசு மருத்துவமனையில் வாரத்துக்கு ஒரு நாள், ஓர் அறையில், ஸ்டான்லியிலிருந்து மூளை வைத்தியரும் மனநூலாரும் பேச்சுப் பயிற்சியாளரும் ஊனச் சான்று வழங்கும் அதிகாரியும் ஒரே மேஜையைச் சுற்றி அமரலாம். டி.பி.பி. சாலையிலும் வெளிவட்டச் சாலையிலும் கும்மிடிப்பூண்டி ஆலைகளிலும் தலையில் அடிபட்டு மீண்ட ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கிய பதிவேடு அந்த மேஜைமேல் இருக்கட்டும்; ஓராண்டு, ஈராண்டு, ஐந்தாண்டு என்று அவரவர் நிலை அதில் ஏறட்டும். அதைக் காத்து, அடுத்து எங்கே எப்போது போகவேண்டுமென்று வீட்டாருக்குச் சொல்லி, துணைக்கு ஆளனுப்பும் பொறுப்பைச் சம்பளத்தோடு ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். தலைக்காயம் பட்ட கணவனையோ மகனையோ ஐந்தாறு ஆண்டுகள் காத்துத் தேறிய மீஞ்சூர்ப் பெண்ணொருத்தியை அந்த உத்தியோகத்துக்கு அமர்த்தினால், அவளுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியது மிகக் கொஞ்சமாகவே இருக்கும்.